அம்மா சரி என்றால் போதாது: பதின்பருவப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை ஆன்லைன் ஆய்வில் சேர்ப்பது எப்படி?

லிங்க் ஒன்றைத் தயார் செய்து நாலு குழுக்களில் போட்டுவிட்டால் குடும்பங்கள் வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். முதல் வாரம் பெற்றோர் மளமளவென்று பதிவு செய்தார்கள். இரண்டாவது வாரம் பார்த்தால், அவர்களுடைய பிள்ளைகளில் பலர் தங்களுக்கு அனுப்பிய கேள்விகளைத் திறக்கவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. நான் சேர்த்தது பெற்றோரை மட்டுமே.

13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் உள்ள சிக்கல் இதுதான். சட்டப்படி அவர்களுடைய சம்மதம் மட்டும் பெரும்பாலும் போதாது. நடைமுறையிலோ அவர்களுடைய சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. சின்னக் குழந்தை என்றால் அம்மா மடியில் வைத்துக்கொண்டு திரையைக் காட்டிவிடுவார். பெரியவர் என்றால் நாமே நேராகப் பேசிக்கொள்வோம். இந்த இடைப்பட்ட வயதில் இரண்டும் செல்லாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேரிடம், இரண்டு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

1. யாரைத் தேடுகிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

"13–17 வயதுப் பிள்ளையும் ஒரு பெற்றோரும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் முதல் வாரத்திலேயே கேள்விகள் வரும். பாட்டியிடம் வளரும் பிள்ளை சேரலாமா? பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் யார் அனுமதி தருவது? மாற்றாந்தந்தைக்கு அந்த உரிமை உண்டா? வீட்டில் பதின்பருவத்தினர் மூன்று பேர் இருந்தால் யாரைச் சேர்ப்பது? இவற்றுக்கு விடை முன்கூட்டியே இல்லாவிட்டால், வருகிறவர்களைப் பொறுத்து விதியை மாற்றத் தொடங்கிவிடுவீர்கள்.

பெற்றோர் என்பதற்குப் பதிலாக "சட்டப்படியான பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்று எழுதுங்கள். ஒருவரின் அனுமதி போதுமா, இருவரும் வேண்டுமா என்பதை நெறிமுறைக் குழுவிடம் (ஆய்வில் சேர்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்து ஒப்புதல் தரும் குழு) கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரே வீட்டில் பல பிள்ளைகள் என்றால் தேர்வைப் பெற்றோரிடம் விடாதீர்கள். விட்டால் சொல் கேட்கிற, நன்றாகப் பேசுகிற பிள்ளையைத்தான் முன்னால் தள்ளுவார்கள். கருத்துக்கணிப்பு செய்பவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் பிறந்தநாள் முறை இங்கே உதவும். அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரையே கேளுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 60 குடும்பங்கள் முழுவதும் முடிக்க வேண்டும். அனுமதி தந்த பெற்றோரின் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேர்தான் முடிப்பார்கள் என்றால் 100 பெற்றோரின் அனுமதி வேண்டும். தகுதியுள்ளவர்களில் பாதிப்பேர் அனுமதி தருவார்கள் என்றால் தகுதியுள்ள 200 பேர் வேண்டும். விண்ணப்பிப்பவர்களில் பாதிப்பேருக்குத்தான் தகுதி என்றால் 400 விண்ணப்பங்கள். உங்கள் ஆய்வின் விகிதம் வேறாக இருக்கும். அதை முதல் பத்து, இருபது குடும்பங்களிலேயே அளந்துவிடலாம்.

2. விளம்பரத்துக்கு முன்னால் நெறிமுறைக் குழு

ஆய்வுத் திட்டத்துக்கு மட்டுமே ஒப்புதல் வாங்கிவிட்டு விளம்பரத்தைத் தாமாகவே எழுதிப் போடுகிறவர்கள் உண்டு. அது தவறு. விளம்பர வாசகம், படம், பெற்றோருக்கு அனுப்பும் மெசேஜ், பிள்ளைக்கு அனுப்பும் மெசேஜ், நினைவூட்டல் எல்லாமே குழுவின் கண்ணில் பட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒரு வரியை மாற்றினாலும் மறுபடி போக வேண்டும். அதற்குள் பள்ளி விடுமுறை முடிந்துவிடும்.

வயதுக் கோடு இடத்துக்கு இடம் மாறும். 1989-இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 18 வயது நிரம்பாதவரைப் பொதுவாகக் குழந்தை என்கிறது. அதே உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் அந்தக் குழந்தைக்குத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி, ஆன்லைன் சேவைகளுக்குப் பிள்ளை தானே சம்மதம் தரும் வயதை 16 என்று வைத்திருக்கிறது. உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம், 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது என்று வணிக நோக்குள்ள ஆன்லைன் சேவைகளைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கோடு 18. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இணக்கத்தையும் (பெற்றோர் அனுமதியோடு பிள்ளையும் சரி என்று சொல்வது), அதற்கு மேல் 18 வரை எளிய மொழியில் எழுத்து இணக்கத்தையும் கேட்கின்றன.

உங்கள் அலுவலகம் இருக்கும் நாட்டின் விதியை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் நாட்டின் விதியையும் பாருங்கள். லிங்க் எல்லை தாண்டிப் போய்விடும். எந்தெந்த நாடுகளிலிருந்து சேர்க்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே குறுக்கிக்கொள்வது நல்லது.

பெற்றோரிடம் கேட்பதே பிள்ளைக்கு ஆபத்தாக முடியும் தலைப்புகளும் உண்டு. வீட்டு வன்முறை ஓர் எடுத்துக்காட்டு. அத்தகைய ஆய்வுகளில் பெற்றோர் அனுமதியை விலக்கி வேறு பாதுகாப்பு ஏற்பாட்டை வைக்கச் சில நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன. அந்த முடிவு நெறிமுறைக் குழுவினுடையது. நீங்களே எடுத்துவிடாதீர்கள்.

3. எங்கே தேடுவது

ஆன்லைன் ஆய்வுகளுக்கு ஆள் தரும் அமேசான் மெக்கானிக்கல் டர்க், புரொலிஃபிக் போன்ற தளங்களில் கணக்கு தொடங்கவே 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆக, பிள்ளை அங்கே நேரடியாகக் கிடைக்கமாட்டார். இந்த வயதில் பிள்ளை உள்ள பெற்றோரை வடிகட்டித் தேடி, அவர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பெற்றோர் சர்வேக்களை வேலை மாதிரி செய்து பழகியவர் என்பதை நினைவில் வையுங்கள். "என் மகன் செய்துவிட்டான்" என்று தானே மளமளவென்று நிரப்பிவிடும் ஆசை அங்கே கொஞ்சம் அதிகம்.

சமூக ஊடக விளம்பரத்திலும் இதே நிலைதான். 2021 முதல் மெட்டா நிறுவனம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அவர்களுடைய விருப்பங்களை வைத்துக் குறிவைக்க விளம்பரதாரர்களை விடுவதில்லை. 2023-இல் பாலினத்தையும் எடுத்துவிட்டது. மிஞ்சியது வயதும் இடமும்தான். ஆகவே விளம்பரக் காசைப் பெற்றோர் பக்கம் செலவிடுங்கள்.

பள்ளி வழியாகப் போவதுதான் எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் எட்டும் வழி. அமெரிக்காவில் மூளை வளர்ச்சியைப் பதின்பருவம் முழுவதும் தொடரும் ஏபிசிடி ஆய்வு, 9–10 வயதுப் பிள்ளைகள் சுமார் 11,880 பேரை 21 மையங்களில் சேர்த்தது. பெரும்பாலும் பள்ளிகள் மூலம்தான். ஆனால் பள்ளி நிர்வாகத்தின் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று, வகுப்பாசிரியர் கையில் தாளைக் கொடுத்தால் அது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும். பிள்ளை "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. பள்ளி தகவலை மட்டும் வீட்டுக்கு அனுப்பட்டும். யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியவே கூடாது.

நூலகம், விளையாட்டுப் பயிற்சி மையம், இளைஞர் மன்றம், பதின்பருவத்தினருக்கான மருத்துவமனைப் பிரிவு போன்ற இடங்களில் ஒரே ஒரு நம்பகமான ஆள் கிடைத்தால் நூறு விளம்பரத்துக்குச் சமம். பெற்றோர் குழுக்களில் பதிவு போடும் முன் குழுவை நடத்துபவரிடம் கேளுங்கள். கேட்காமல் போட்டால் பதிவும் போகும், பெயரும் கெடும்.

சேர்ந்த பிள்ளை தன் நண்பர்களை அழைத்து வருவது இன்னொரு வழி. வேகமானது, ஆனால் எல்லாரும் ஒரே வட்டம். ஒரே பள்ளி, ஒரே ரசனை, ஒரே மாதிரி வீடு. அழைத்து வருவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வைத்தால் நண்பனை நெருக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் அந்த வழிக்கே போவதில்லை.

4. இரண்டு அழைப்புகள் எழுதுங்கள்

ஒரே வாசகத்தை இருவருக்கும் அனுப்பினால் இருவருக்கும் ஒட்டாது. பெற்றோர் தேடுவது நம்பிக்கை. யார் நடத்துகிறார்கள், என்ன கேட்பார்கள், விவரம் எங்கே போகும்? பிள்ளை தேடுவது வேறு. எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும், வீட்டில் யாருக்குத் தெரியும்?

பெற்றோருக்கு இப்படி எழுதலாம்: "பதின்பருவத்தினரின் தூக்கம் பற்றி ஆய்வு செய்கிறோம். உங்களுக்கு 15 நிமிடக் கேள்விகள், உங்கள் பிள்ளைக்கு 20 நிமிடக் கேள்விகள். இருவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி மதிப்பெண், முகவரி எதையும் கேட்கமாட்டோம். உங்கள் பிள்ளை விரும்பினால் மட்டுமே சேரலாம்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் மனத்தில் முதலிலிருந்தே அது பதிய வேண்டும்.

பிள்ளைக்கு இன்னும் சுருக்கமாக: "நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், ஏன் அப்படி என்று உங்களிடமே கேட்க விரும்புகிறோம். 20 நிமிடம். போனிலேயே செய்யலாம். பிடிக்காத கேள்வியைத் தாண்டலாம். உங்கள் பதில்களை வீட்டில் காட்டமாட்டோம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தொடங்கும் முன் சொல்வோம்."

தமிழில் எழுதும்போது எனக்கு நீண்ட நாள் இருந்த குழப்பம், நீ என்பதா நீங்கள் என்பதா? நட்பாக இருக்கட்டும் என்று "நீ" போட்டு எழுதினேன். முன்னோட்டத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் "டீச்சர் பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றாள். அன்றிலிருந்து "நீங்கள்"தான். ஆச்சரியக் குறிகள், எமோஜி, இளைஞர் பேச்சு என்று நாம் நினைத்துக்கொண்டு சேர்ப்பவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் இளைஞர் வேஷம் போடுவதை அவர்கள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளம்பரத்தில் அன்பளிப்புத் தொகையைக் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். தகுதிகளையும் முழுதாக அடுக்காதீர்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

5. போலிகளை வடிகட்டுவது

பொது இடத்தில் லிங்க், முடிவில் கிஃப்ட் கார்டு. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பதிவுகள் குவியும். அவற்றில் குடும்பங்கள் சொற்பமாகவே இருக்கும். 2018-இல் மெக்கானிக்கல் டர்க்கில் ஒரே இருப்பிடக் குறியீட்டிலிருந்து வந்த குப்பைப் பதில்கள் ஆய்வாளர்களிடையே பெரிய பேச்சானது. எழுதிப் பதில் சொல்லும் கேள்விகளுக்கு "குட்", "நைஸ்" என்று சம்பந்தமில்லாமல் வந்த பதில்கள்தான் பலரை உஷார்படுத்தின. இன்றைய பாட்கள் (ஆள் இல்லாமல் தானாகப் படிவம் நிரப்பும் நிரல்கள்) முழுப் பத்தியே எழுதிவிடும் என்பதால் அந்த அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது.

முக்கியமான தற்காப்பு இதுதான்: பொது லிங்க் ஒருபோதும் சர்வேக்குள் கொண்டுபோகக் கூடாது. அது விருப்பப் படிவத்துக்கு மட்டுமே போகட்டும். ஆளைச் சரிபார்த்த பிறகு, ஒருமுறை மட்டும் திறக்கும் தனி லிங்க்கை அனுப்புங்கள். படிவத்தில் பிள்ளையின் வயதை ஓரிடத்திலும், பிறந்த மாதமும் ஆண்டும் வேறோரிடத்திலும், வகுப்பை இன்னோரிடத்திலும் கேளுங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தையும் வைக்கலாம். அதை நிரப்பியது ஒரு பாட் என்றே கொள்ளலாம். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஐந்து நிமிட வீடியோ அல்லது போன் அழைப்பு. வேலை கூடும். ஆனால் அந்த அழைப்பே குடும்பத்தோடு உறவைத் தொடங்கி வைத்துவிடுகிறது.

பாட் அல்லாத போலிகளும் உண்டு. பிள்ளையே அம்மாவாக நடித்து அனுமதி தருவது ஒன்று, அம்மாவே பிள்ளையாகப் பதில் சொல்வது இன்னொன்று. இரண்டு பகுதிகளும் ஒரே கருவியில் சில நிமிட இடைவெளியில் முடிந்திருந்தால் கவனியுங்கள். ஆனால் குற்றம் சாட்டாதீர்கள். ஒரே போனைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் ஏராளம். "உங்கள் இருவரோடும் இரண்டு நிமிடம் பேச முடியுமா?" என்று கேட்டால் போதும். சரிபார்ப்பில் தேறாதவர்களுக்கு அன்பளிப்பு கிடையாது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பிறகு சேர்த்தால் செல்லாது.

6. அனுமதியும் இணக்கமும்

பெற்றோர் தருவது அனுமதி. பிள்ளை தருவது இணக்கம். இரண்டுக்கும் தனிப் பக்கம், தனி லிங்க், தனி நேரம். முதலில் பெற்றோர். பிறகு, பெற்றோருக்குத் தெரிந்தே, பிள்ளையின் சொந்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ செய்தி.

அழைப்பில் அம்மாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். "அவன் செய்வான்" என்பார் அம்மா. மகன் "ம்ம்" என்பான். அந்த "ம்ம்" இணக்கம் ஆகாது. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "விளக்கம் முடிந்ததும் உங்கள் பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவோம், எல்லாக் குடும்பங்களிலும் இப்படித்தான்." எல்லாக் குடும்பங்களிலும் என்ற சொல் முக்கியம், இல்லாவிட்டால் தங்களைச் சந்தேகிப்பதாக நினைப்பார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் விளக்கத்தைத் திரும்ப ஒப்பிக்காமல் கேள்வி கேளுங்கள். "நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?" "உங்கள் பதிலை யார் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" தன் வார்த்தையில் பதில் வந்தால் புரிந்திருக்கிறது. "அம்மா பார்ப்பாங்க இல்லையா?" என்று வந்தால் நம்முடைய படிவம் தோற்றுவிட்டது. என் அனுபவத்தில் பிள்ளைகள் தயங்குவதற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான்.

ரகசியத்தின் எல்லையை மென்று விழுங்காமல் சொல்லுங்கள். "உங்களுக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். முதலில் உங்களிடம் பேச முயல்வோம்." "எதையும் யாரிடமும் சொல்லமாட்டோம்" என்ற வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாது. அதே சமயம் பெற்றோரிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: பிள்ளையின் பதில்களை நீங்கள் கேட்டாலும் தரமாட்டோம். இதைக் கேட்டுச் சில பெற்றோர் விலகுவார்கள். விலகட்டும். பாதியில் சண்டை வருவதைவிட அது நல்லது.

மறுப்பதை எளிதாக்குங்கள். "சேர்கிறேன்" பொத்தானுக்குப் பக்கத்தில் அதே அளவில் "வேண்டாம்" பொத்தான். காரணம் கேட்கும் கட்டம் கூடாது. ஒருவர் மறுத்த காரணம் தெரியவந்தாலும் மற்றவரிடம் சொல்லக் கூடாது.

கையெழுத்து இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2019 ஜனவரியில் வெளியே வந்தது: ஃபேஸ்புக் நிறுவனம் 13 முதல் 35 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, போனில் நடப்பதைப் பெருமளவு பார்க்கக்கூடிய ஓர் ஆய்வுச் செயலியை நிறுவ வைத்திருந்தது. 18-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதப் படிவமும் இருந்தது. படிவம் இருந்தும் எதிர்ப்பு எழுந்தது. ஆப்பிள் அந்தச் செயலிக்கான சான்றிதழை ரத்து செய்தது. என்ன எடுக்கப்படுகிறது என்பது அந்த வீட்டில் யாருக்காவது உண்மையில் புரிந்திருந்ததா? அந்தக் கேள்விக்குப் படிவத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

7. அன்பளிப்பு

இருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பிள்ளையின் பங்கைப் பெற்றோர் கணக்கில் போட்டால் அது பிள்ளையின் கைக்கு வரும் என்று உறுதியில்லை, வராது என்பது பிள்ளைக்கும் தெரியும். வங்கிக் கணக்கு இல்லாத வயதினருக்கும் பயன்படும் வடிவமாக இருக்க வேண்டும். பிள்ளை முடிக்காவிட்டாலும் பெற்றோரின் பங்கைக் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் கட்டி வைத்தால் வீட்டில் மிரட்டல் தொடங்கும். நடுவில் நிறுத்தியவருக்கு அதுவரை செய்ததற்கு ஏற்பக் கொடுங்கள். தொகை நேரத்துக்கு ஈடாக இருக்கட்டும், மறுக்க முடியாத ஆசையாக வேண்டாம். குலுக்கல் பரிசு எனக்குப் பிடிக்காது. எல்லாரும் உழைத்து ஒருவர் வாங்குவதைப் பிள்ளைகள் ஏமாற்றாகவே பார்க்கிறார்கள். சொன்ன நாளில் அனுப்புங்கள்.

8. வீட்டுக்குள் தனிமை

சர்வே என்றால் பெரிய பிரச்சினை இல்லை. பேட்டி என்றால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பார்கள். ஹெட்போன் போடச் சொல்லுங்கள். அப்போது கேள்வி வெளியே கேட்காது. பதிலை சாட்டில் தட்டலாம் என்ற வழியைத் திறந்து வையுங்கள். கேமராவை அணைக்க அனுமதியுங்கள். யாராவது அறைக்குள் வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் அழைக்காதீர்கள்.

பிள்ளையோடு பேசுவது ஆய்வுக்கென உள்ள பொது எண்ணிலிருந்து மட்டும். ஆய்வாளரின் சொந்தக் கணக்கிலிருந்து, நள்ளிரவில், "ஹாய்" என்று ஒரு மெசேஜ் போவது எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும் கூடாது. நினைவூட்டல் மூன்றோடு நிறுத்துங்கள். பதில் வராததும் ஒரு பதில்தான். கவலை தரும் பதில் வந்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள், யாரை அழைப்பது என்பது முதல் குடும்பம் சேரும் முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். ஆன்லைன் என்பதால் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறார் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவியை எங்கே அனுப்புவது?

9. தொடர் ஆய்வு என்றால்

பதின்பருவத்தினர் எண்ணையும் கணக்கையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெற்றோர் எண், பிள்ளை எண், மின்னஞ்சல் மூன்றையும் வாங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சரிபாருங்கள். இருவரின் பதில்களையும் இணைக்கப் பெயருக்குப் பதிலாக ஒரு குடும்பக் குறியீட்டைக் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வேறு கோப்பில் பூட்டி வையுங்கள். ஒருவர் விலகினால் மற்றவரின் தரவு என்ன ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 17 வயதில் சேர்ந்தவர் நடுவில் 18 ஆகிவிடுவார். அன்றிலிருந்து பெற்றோரின் அனுமதிக்கு வேலையில்லை, அவரே முழு ஒப்புதல் தர வேண்டும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பலர் தவறவிடுவது இது.

10. கணக்குப் பார்த்து, கதவைச் சாத்துவது

எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள். விருப்பப் படிவத்தில் கூட்டம், அனுமதிப் பக்கத்தில் வறட்சி என்றால் பெற்றோருக்கான விளக்கத்தில் கோளாறு. அனுமதி வந்தும் இணக்கம் வரவில்லை என்றால் பிள்ளைக்குப் போகும் மெசேஜை மாற்றுங்கள் (ஆம், மறுபடி நெறிமுறைக் குழு). எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் பாருங்கள். எல்லாரும் படித்த, வசதியான வீடுகளாகவே இருந்தால் விளம்பரத்துக்கு இன்னும் காசு கொட்டுவதில் பயனில்லை, தேடும் இடத்தை மாற்ற வேண்டும்.

தேவையான எண்ணிக்கை நிறைந்ததும் விளம்பரங்களை அன்றே நிறுத்துங்கள். விருப்பப் படிவத்தை மூடி, "இடம் நிறைந்துவிட்டது" என்று அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். காத்திருப்பவர்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள், பெற்றோருக்கு ஒன்று, பிள்ளையிடம் ஏற்கெனவே பேசியிருந்தால் பிள்ளைக்குத் தனியாக ஒன்று. அடுத்த ஆய்வுக்கு அழைக்கலாமா என்று கேட்டு, சரி என்றவர்களின் விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படிவத்தில் சொன்ன தேதிக்குள் அழித்துவிடுங்கள்.